ஊரோடு மாறுபட்டும் ஊரிலேயே இருக்கும் உரிமை

சென்ற இதழில் ஒடிசாவின் நியம்கிரி மலை மக்களைப் பற்றி எழுதியபோது, ஒரு சமூகம் தன் நிலத்தையும் வாழ்வையும் குறித்துத் தானே முடிவெடுக்கும் உரிமையை நாம் மதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கடைசிக் கடிதத்தை எழுதிய சகோதரியின் பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நியம்கிரியில் ஊர் கூடி முடிவெடுத்தால் அதைத் தன்னாட்சி என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஊர் கூடி, சாதி மாறி மணந்தவர்களை ஒதுக்கி வைத்தால் அதைக் கட்டப்பஞ்சாயத்து என்கிறீர்கள். இரண்டும் ஊர்க்கூட்டம்தானே?
– வாசகர், சிவகங்கை

பதில்: வந்த கேள்விகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். நியம்கிரியில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மலையிலிருந்து அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி, லாஞ்சிகரில் உள்ள வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்குக் கொடுக்கும் திட்டம் வழக்கில் சிக்கியபோது, 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மலையை நியம் ராஜா என்னும் தெய்வமாக வணங்கும் டோங்ரியா கோந்த் மக்களின் வழிபாட்டு உரிமையும் வன உரிமையும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தது. மாநில அரசு ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கும் மலையில் 12 ஊர்களை மட்டும் எடுத்தது ஏன் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது சரி. ஆனாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூடிய அந்த 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றே சொல்லின. மறு ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

அந்தக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். ஆண்களைப் போலவே பெண்களும் எழுந்து பேசினார்கள். முடிவெடுக்கப்பட்ட பொருள் ஊர் முழுவதற்கும் பொதுவான மலை. யாரோ ஒருவருடைய உடம்போ, திருமணமோ, நம்பிக்கையோ அன்று. பொதுவானதைப் பற்றி, பாதிக்கப்படுகிற எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினால் அது ஆட்சி. ஒருவருக்கு மட்டுமே உரியதைப் பற்றி, அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால், எத்தனை பேர் கூடினாலும் அது ஆட்சியாகாது. 2018 மார்ச்சில், வட இந்தியாவின் சாதிக் கூட்டங்களான காப் பஞ்சாயத்துகள் தொடர்பான சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமணத்தில் குறுக்கிட எந்தக் கூட்டத்துக்கும் சட்டப்படி இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே.

இரண்டையும் பிரிக்கும் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலோர மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளை எண்ணிப் பாருங்கள். எந்த வலை போடலாம், எது கூடாது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதையெல்லாம் தலைமுறைகளாக அவர்களே கட்டுப்படுத்தி வந்திருக்கிறார்கள். அரசு அதிகாரியால் ஆகாத காரியம் அது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணம் பல ஊர்களில் அந்தப் பஞ்சாயத்துகள் வழியாகவே சேர்ந்தது. அதே பஞ்சாயத்துகளில் உறுப்பினர் என்றால் ஊருக்கு வரி கட்டும் ஆண்கள்தாம். ஆகவே வரிக் கணக்கில் பெயர் இல்லாத கைம்பெண்கள் நிவாரணக் கணக்கிலும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். ஒரே அமைப்பு, ஒரே பேரிடரில், ஊரைக் காப்பாற்றவும் செய்தது, ஊருக்குள் சிலரைக் கைவிடவும் செய்தது. அதைக் கலைத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. வரிக் கணக்கில் பெண்ணின் பெயரையும் எழுது என்று சொல்லத் தயங்கவும் மாட்டேன்.

கேள்வி: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறை கண்டவர்கள் நாம். ஊராட்சியைப் பற்றி வெளிநாட்டு உதாரணங்கள் நமக்கு எதற்கு?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நேரில் சென்று பார்த்திருக்கிறேன், அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊரை குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குழுக்களுக்குப் பொறுப்புகளைப் பகிர்ந்ததைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் இடப்படத் தகுதியற்றவர் என்ற விதியை இன்றைய ஊராட்சிகள் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அதே கல்வெட்டு, பெயர் எழுதப்படத் தகுதியானவர் யார் என்பதையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி. அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. அந்த நிலத்தை உழுதவர்கள், ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள், பெண்கள் ஆகிய எவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்ததில்லை. தன்னைத்தானே நேர்த்தியாக ஆண்டுகொண்ட ஒரு சபை, தன்னைச் சுற்றியிருந்தவர்களைக் கேட்காமலே ஆளவும் செய்தது. நம்முடைய காலத்திலும் இந்த நோய் தீர்ந்துவிடவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின், 2006 வரை பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூனில் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குடத்தின் பெருமையைப் பேசும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாக சுவிட்சர்லாந்தில் வாழ்கிறேன். இங்கே எல்லாவற்றையும் மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். மக்கள் முடிவெடுத்த பின் நீதிமன்றம் தலையிடுவது சனநாயகமாகுமா?
– வாசகர், சூரிச்

பதில்: நீங்கள் வாழும் நாட்டிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் கிழக்கே அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி ஞாயிறன்று குடிமக்கள் சதுக்கத்தில் திரண்டு நின்று, கை உயர்த்திச் சட்டம் இயற்றும் பழைய வழக்கம் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. ஆண்கள் இடுப்பில் செருகி வரும் குறுவாளே வாக்குரிமைக்கு அடையாளம். நாட்டளவில் பெண்களுக்கு 1971-இல் வாக்குரிமை வந்த பிறகும், இந்த மாநிலத்து ஆண்கள் தங்கள் சதுக்கத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று மீண்டும் மீண்டும் கை உயர்த்தினார்கள்; 1990 ஏப்ரலிலும் அப்படியே. அந்த மாநிலத்துப் பெண்களே கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள். 1990 நவம்பர் 27 அன்று வந்த தீர்ப்பு புதிய சட்டம் எதையும் அவர்கள்மேல் சுமத்தவில்லை. மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்திலே உள்ள குடிமக்கள் என்ற சொல்லுக்குள் பெண்களும் அடங்குவர் என்று பொருள் சொன்னது, அவ்வளவுதான். மறு ஆண்டு ஏப்ரலில் பெண்கள் சதுக்கத்திற்கு வந்தார்கள். மரபு அழியவில்லை. கூட்டம் இன்றும் கூடுகிறது, கைகள் இன்றும் உயர்கின்றன, குறுவாளைக் கொண்டுவர விரும்பும் ஆண்கள் கொண்டுவருகிறார்கள், மற்றவர்கள் வாக்கு அட்டையைக் காட்டுகிறார்கள். பெண்களைச் சேர்த்தால் மரபு குலையும் என்று அஞ்சியவர்கள் அஞ்சியது நடக்கவே இல்லை.

இரண்டாவது, லூசெர்ன் மாநிலத்தின் எம்மன் நகராட்சி. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த வெளிநாட்டினரை ஏற்பதா என்று 2000 மார்ச்சில் அங்கே வாக்குச் சீட்டில் முடிவு செய்தார்கள். விண்ணப்பித்த 56 பேரில் ஏற்கப்பட்டவர்கள் இத்தாலியர்கள் மட்டுமே. நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். ஏன் என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாக்குப் பெட்டி காரணம் சொல்லாது. 2003 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம், காரணம் கூறாமல் ஒருவரின் விண்ணப்பத்தைத் தள்ளும் இந்த முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. புலம்பெயர்ந்து குடியுரிமைக்காகக் காத்திருந்த ஒருவராக நீங்களும் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தச் சீட்டில் இருந்து, பெயரின் ஒலி பிடிக்கவில்லை என்பதற்காகவே அடிக்கப்பட்டிருந்தால், அதை மக்கள் தீர்ப்பு என்று உங்களால் ஏற்க முடிந்திருக்குமா?

வெளியார் தலையீடு எல்லாம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. தலையீட்டைக் கேட்டது யார், அது எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்பதைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். அப்பன்செல்லில் கேட்டவர்கள் உள்ளூர்ப் பெண்கள். நீதிமன்றம் திறந்தது வாசலை மட்டும்.

கேள்வி: ஒரு சமூகத்தின் கட்டுப்பாடு பிடிக்காதவர் அதைவிட்டு வெளியேறிப் போகலாம். உலகமே இன்று கைக்குள் இருக்கிறது. இருப்பவர்களை ஏன் மாறச் சொல்ல வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வெளியேறும் உரிமை பெரிய உரிமை. அது இல்லாத சமூகம் சிறை. ஆயினும் உங்கள் கேள்வியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மாறுபடுகிறவர் போய்விட விரும்புகிறார் என்பது. பெரும்பாலும் அவர் அப்படி விரும்புவதில்லை.

கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட டோபிக் நிலத்தில் பிறந்து வளர்ந்தவர் சாண்ட்ரா லவ்லேஸ், மாலிசீட் பழங்குடிப் பெண். 1970-இல் பழங்குடி அல்லாத ஒருவரை மணந்தார். அன்றைய சட்டப்படி, பழங்குடி ஆண் வெளியே மணந்தால் சட்டம் ஏற்கும் அவருடைய பழங்குடித் தகுதி மாறாது, மனைவிக்கும் அது கிடைக்கும். பெண் வெளியே மணந்தால் தன் தகுதியையே இழப்பார். மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளோடு ஊர் திரும்பிய சாண்ட்ராவுக்கு, தாய் தந்தையர் வாழ்ந்த மண்ணில் வீடு கேட்கும் உரிமை இல்லை என்றார்கள். உலகம் முழுவதும் அவருக்குத் திறந்தே இருந்தது. எந்த நகரத்திலும் போய் வாழலாம். அவர் வேண்டியது தன் ஊரை.

1977-இல் அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1979-இல் டோபிக் பெண்கள் தலைநகர் ஒட்டாவாவை நோக்கி நெடுநடை போனார்கள். 1981-இல் குழு தீர்ப்புச் சொன்னது: தன் குழுவின் பிற உறுப்பினர்களோடு சேர்ந்து தன் பண்பாட்டை வாழும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்று. 1985-இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. தகுதி இழந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த வரலாற்றில் எளிதில் கடந்துவிடக் கூடாத ஒரு முடிச்சு உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியது பழங்குடிகள் அல்லர், ஒட்டாவா அரசு. ஆயினும் பழங்குடி அமைப்புகளின் ஆண் தலைவர்கள் பலர் அந்தப் பெண்களை எதிர்த்தார்கள். ஒரு பிரிவை நீக்கக் கை வைத்தால், அந்தச் சாக்கில் தங்கள் நிலத்தையும் ஒப்பந்த உரிமைகளையும் காக்கும் மொத்தச் சட்டத்தையும் அரசு பிடுங்கிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பலமுறை ஏமாற்றப்பட்டவர்களின் அச்சம் அது, வெறும் ஆணாதிக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையைப் பெண்கள் மட்டும் ஏன் செலுத்த வேண்டும்? எந்தச் சிறுபான்மைச் சமூகத்திலும், வெளியே பகை இருக்கிறது, இப்போது உள்ளே பேசாதே என்ற குரல் கேட்கும். வெளியே பகை இருப்பது உண்மை. பேசாதே என்று யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே குறைவாகப் பேசியவரிடம்தான் சொல்லப்படும்.

சாண்ட்ரா லவ்லேஸ் 2005-இல் கனடாவின் மேலவை உறுப்பினரானார். ஆகவே, பிடிக்காதவர் போகலாம் என்பது ஒரு சமூகத்தின் நேர்மையை அளக்கப் போதாத அளவுகோல் என்று நான் கருதுகிறேன். போவதற்குப் படிப்பு வேண்டும், காசு வேண்டும், போன இடத்தில் ஒருவர் துணை வேண்டும். இவை இல்லாதவருக்கு அந்த உரிமை தாளில்தான் இருக்கிறது. இவை இருந்து வெளியேறுபவரும் தாய்மொழியையும் குலதெய்வத்தையும் பாட்டியின் கல்லறையையும் விட்டுவிட்டுத்தான் போகிறார். மாறுபட்ட பின்னும் ஒருவரால் அங்கேயே தலை நிமிர்ந்து இருக்க முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: செல்பேசியும் இணையமும் சின்னச் சமூகங்களின் பண்பாட்டை அழித்துவிடாதா?
– ஆசிரியர் ஒருவர், கூடலூர்

பதில்: அவை யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து மலையில் தாலேயா தே காஸ்ட்ரோ என்ற, சபோடெக் பழங்குடியினர் வாழும் ஊர் இருக்கிறது. அவ்வளவு சிறிய ஊருக்குக் கோபுரம் அமைப்பது கட்டுப்படியாகாது என்று பெரிய செல்பேசி நிறுவனங்கள் மறுத்துவிட்டன. 2013-இல் ஊரார், தன்னார்வத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்றின் உதவியோடு, தங்கள் சொந்தச் செல்பேசி வலையமைப்பை நிறுவி, கட்டணத்தையும் தாங்களே முடிவு செய்தார்கள். 2016-இல் அத்தகைய பழங்குடி ஊர்களின் கூட்டமைப்புக்கு மெக்சிகோ அரசு அலைவரிசை உரிமமே வழங்கியது. உலகத்தோடு இணைவதும் தன்னைத் தானே ஆள்வதும் அங்கே ஒரே வேலையாக நடந்தன.

மறுபக்கமும் இருக்கிறது. 2016-இல் குஜராத்தின் மேஹ்சாணா மாவட்டத்து ஊர் ஒன்று, மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. பண்பாடு என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பண்பாட்டைக் காக்கும் சுமை ஒரு பாலார் தலையில் மட்டும் ஏற்றப்படும்போது, காக்கப்படுவது வேறு ஏதோ ஒன்று என்று நீங்கள் உங்கள் மாணவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: கிராம சபைக்குப் போய் என்ன ஆகிவிடப் போகிறது? கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: உண்மைதான், ஆனாலும் போங்கள். ஆண்டுக்கு ஆறு நாட்கள்தாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர், தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு என்று முழங்கி, பெண்களும் ஆண்களும் உட்கார்ந்து ஒருமனதாகும்வரை பேசிப் பேசியே, 2009-இல் 1,800 ஹெக்டேர் காட்டின்மீது சமூக உரிமை பெற்றது. ஒருவர் உடன்படாவிட்டாலும் அவர்கள் மறுபடியும் உட்கார்ந்து பேசுவார்கள். உங்கள் சபையில் தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுவேன் என்று நீங்கள் ஒருவர் சொன்னால் போதும். அடுத்த முறை நான்கு பேர் சொல்வார்கள்.

கேள்வி: கடலோர ஊரில் பிறந்தவள் நான். வெளியூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறு சாதிக்காரரை மணந்தேன். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அப்பாவிடம் வரி வாங்குவதில்லை. படகுக்கு ஆள் வருவதில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தம்பியையும் நீக்கிவிட்டார்கள். கோயில் திருவிழா வருகிறது. எனக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. போகாதே என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வரி வாங்க மறுப்பது என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். அது பணத்தைப் பற்றியதன்று, நீ எங்களில் ஒருவன் இல்லை என்று ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்வது. கடலுக்குத் தனியாகப் போக முடியாத தொழிலில், அது பிழைப்பையும் சேர்த்துப் பறிப்பது.

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். சட்டத்தின் பக்கம் சொல்வதானால், நான் மேலே குறிப்பிட்ட 2018 தீர்ப்பு, இத்தகைய இணையருக்கு வரும் தொல்லைகள் பற்றிய புகார்களைப் பெற மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர் அடங்கிய தனிப்பிரிவு இருக்க வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. உங்கள் கணவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால், அவர்மீதான சமூக, பொருளாதார ஒதுக்கல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். ஊர் விலக்கத்தைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இங்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாள், ஆள், சொன்ன சொல் ஆகியவற்றைத் தம்பியை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வரியைக் கொடுக்கப் போய் மறுக்கப்பட்ட நாட்களையும் எழுதட்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளை அழிக்க வேண்டாம்.

ஊருக்குள் உங்கள் குடும்பத்தின் மேல் மனம் இரங்கியும் வாய் திறக்காதவர்கள் இருப்பார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அம்மாவோடு மீன் விற்கப் போகும் பெண்களில் ஒருவர், அப்பாவோடு ஒரே படகில் வளர்ந்த ஒருவர், பஞ்சாயத்தாரில் வயதில் மூத்த ஒருவர் என்று மூன்று பேரை அப்பா தனித்தனியாகப் பார்த்துப் பேசினால், கூட்டத்தில் ஒன்றாகத் தெரிகிற முகங்கள் ஒன்றாக இல்லை என்பது தெரியவரும். புகாருக்கு முன் இதைச் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. புகார் கொடுக்கும் உரிமை அதனால் குறையவும் குறையாது.

திருவிழாவுக்குப் போக வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அந்தக் கோயில் உங்களுடையதும்தான். ஆனால் நீங்கள் வந்து போன மறுநாளும் அந்தத் தெருவில் இருக்கப் போகிறவர்கள் அப்பாவும் அம்மாவும் தம்பியும். ஆகவே புகார் எழுதுவதானாலும், திருவிழாவுக்கு வருவதானாலும், அப்பாவிடம் நேரில் கேளுங்கள். அம்மா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் வா என்றால் கணவரையும் கூட்டிக்கொண்டு பகலிலே போங்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்றால், அவரை எப்போது, எங்கே பார்க்கலாம் என்று கேட்டு, அந்த நாளில் போய்ப் பாருங்கள்.